பதினாலு கேசட்டும் ஒத்தை வரிக் கட்டளையும்



சோளத்தட்டு அறுத்துப் போர் போட்டாச்சு. அடுத்த மழை வரைக்கும் மாட்டுக்குத் தண்ணி காட்டுறதும் தென்னைக்குச் சொட்டு நீர் திறந்து உடறதும்தான் வேலை. இந்த ஓய்வுல, ரொம்ப வருசமாத் தள்ளிப்போட்டு வந்த ஒரு வேலையை முடிச்சேன். இந்தப் பதிவுல வெள்ளாமை சமாச்சாரம் கம்மிதான். கம்ப்யூட்டர் சமாச்சாரம் கொஞ்சம் கூடுதலா வரும். ஆனா உங்க ஊட்டுப் பரண்லயும் இது மாதிரி ஒரு அட்டைப்பெட்டி இருக்கலாம். அதனால பொறுமையாப் படிச்சுப் பாருங்க.

எங்க ஊட்டுப் பெட்டியில இருந்தது பதினாலு கேசட். ஒவ்வொண்ணும் 90 நிமிசம். 1988ல எங்க ஊர்க் கோயில்ல அண்ணன்மார் கதை படிச்சாங்க. கொங்கு நாட்டுக்காரங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மத்தவங்களுக்காகச் சொல்றேன். பொன்னர், சங்கர்னு ரெண்டு அண்ணன் தம்பி, அவங்களுக்கு ஒரு தங்கச்சி, இவங்க கதை. கலைஞர் இதை 'பொன்னர் சங்கர்'னு நாவலா எழுதினார், அது 2011ல சினிமாவாவும் வந்துச்சு. ஆனா எங்களுக்கு இது புஸ்தகத்துலயோ தியேட்டர்லயோ பார்க்கிற கதையில்லை. உடுக்கை அடிச்சுட்டு ஒருத்தர் பாடுவார், பக்கத்துல ஒருத்தர் பின்பாட்டுப் பாடுவார். ராத்திரி சாப்பிட்டுட்டுப் போய் உக்காந்தா கோழி கூப்பிடற வரைக்கும் நடக்கும். அப்படிப் பல ராத்திரி. கடைசியில படுகளம். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சாய்ஞ்சு கிடக்க, தங்கச்சி தேடிட்டு வர்ற இடம். அந்த ராத்திரி ஊர்ல ஒருத்தர் கண்ணும் காய்ஞ்சிருக்காது. நாலஞ்சு பேருக்கு அருள் வந்து உழுந்து கிடப்பாங்க.

எங்க மாமா ஒருத்தர் சிங்கப்பூர்ல இருந்து டேப் ரிக்கார்டர் கொண்டாந்திருந்தார். ஐயன் அதை வாங்கிட்டு வந்து, என்னைப் பாட்டுக்காரருக்குப் பக்கத்துல உக்கார வெச்சு, "ஒரு பக்கம் தீர்ந்ததும் திருப்பிப் போடறதுதான் உன் வேலை"ன்னுட்டார். எனக்கு அப்பப் பதினெட்டு வயசு. பத்தாவதோட படிப்பை நிறுத்திட்டுப் பண்ணையம் பார்த்துட்டிருந்தேன். பாட்டுக்காரர் இப்ப இல்லை. ஐயனும் இல்லை. கேசட்டு மட்டும் இருந்துச்சு, அதுலயும் பூசணம் பிடிக்க ஆரம்பிச்சிருந்துச்சு.

முதல் வேலை, கேசட்டுல இருக்கிறதைக் கம்ப்யூட்டருக்குள்ள ஏத்தறது. ஓடற நிலையில இருந்த பழைய டேப் ஒண்ணு வாங்கி, அதோட ஹெட்டை ஸ்பிரிட்டுல நனைச்ச பஞ்சால துடைச்சு, ஹெட்போன் ஓட்டையில இருந்து ஒரு ஒயர் இழுத்து லேப்டாப்புல சொருகினேன். லேப்டாப் எங்க அக்கா மகன் குடுத்தது. திருப்பூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனி ஒண்ணுல மெர்ச்சண்டைசரா இருக்கான். புதுசு வாங்கினதும் பழசை எனக்குத் தள்ளி உட்டுட்டான். அதுல விண்டோஸ் திணறுதுன்னு லினக்ஸ் போட்டுக் குடுத்தான்.

இந்த ஏத்தற வேலையில குறுக்கு வழி கிடையாதுங்க. 90 நிமிசக் கேசட்டுன்னா 90 நிமிசம் ஓடியே ஆகணும். மொத்தம் 21 மணி நேரம். தினம் ஒரு கேசட்டுன்னு ரெண்டு வாரம் ஆச்சு.

இப்படி ஏத்தறப்பக் கிடைக்கிறது வேவ் கோப்பு. இதுல எந்தத் தந்திரமும் இல்லை. சத்தத்தோட அலையை ஒரு வினாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் ரெண்டு பைட்டுல எழுதி வைக்கும், அவ்வளவுதான். வினாடிக்கு 88,200 பைட். ஒரு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டா 317 எம்பிக்கு மேல வரும். 21 மணி நேரத்துக்கு ஆறரை ஜிபியைத் தாண்டுது. இது ஒத்தை ஸ்பீக்கர்க் கணக்கு, அதாவது மோனோ. ஸ்டீரியோன்னா ரெண்டு மடங்கு.

ஆறரை ஜிபியை வாட்ஸப்புல அனுப்ப முடியுமா? கோயில் குரூப்புல இருக்கிறவங்கள்ல பாதிப் பேர் போன்ல 'இடம் இல்லை'ன்னு எழுதியே கிடக்கும். அதனால சுருக்கணும்.

சுருக்கறதுக்குப் படம் போட்ட மென்பொருள் எத்தனையோ இருக்கு. கோப்பைத் திற, மெனுவுக்குப் போ, அளவு தேர்ந்தெடு, சேமின்னு அழுத்து. ஒரு கோப்புக்குச் சரி. ஒரு பக்கத்துக்கு ஒண்ணுன்னு என்கிட்ட 28 கோப்பு. குடத்துல மொண்டு மொண்டு தென்னைக்கு ஊத்தற மாதிரி ஆயிரும். அக்கா மகன் சொன்னான், "மாமா, டெர்மினல்ல அடிங்க. ஒத்தை வரி."

டெர்மினல்னா வேற ஒண்ணுமில்லை. கறுப்பா ஒரு திரை, ஒரு ஓரத்துல மினுக்கு மினுக்குன்னு ஒரு கோடு. அதுல நீங்க எழுத்தால கட்டளை அடிக்கணும். லேம்னு ஒரு நிரல் இருக்கு. அந்தப் பேரை அடிச்சு, ஒரு இடம் உட்டு, ஒரு சின்னக் கோடு போட்டு 'பி'ன்னு எழுத்து, பக்கத்துல 64ன்னு எண், பின்னால கோப்போட பேரு. என்டர் தட்டினா சுருக்கின எம்பி3 கோப்பு பக்கத்துல வந்து உக்காந்துக்கும். 'பி'ங்கிறது பிட் ரேட், 64ங்கிறது வினாடிக்கு 64 கிலோபிட். இதையே 'ஃபார்'னு ஆரம்பிச்சு 'டன்'னு முடியற ஒரு வரிக்குள்ள போட்டுட்டா, அந்த அடைவுல இருக்கிற 28 கோப்பையும் ஒண்ணொண்ணா எடுத்துச் சுருக்கிட்டே போகும். நாம உக்காந்து பார்க்க வேண்டியதில்லை.

எங்களுக்கு மும்முனைக் கரண்டு முறை வெச்சுத்தான் வரும். ராத்திரி முறை வர்றப்ப அந்த வரியைத் தட்டி உட்டுட்டு மோட்டார் போடப் போனேன். வால்வு மாத்தி உட்டுட்டுத் திரும்பி வந்தா வேலை முடிஞ்சிருந்துச்சு. மடையைத் திறந்து உட்டா தண்ணி தானா அடுத்தடுத்த பாத்திக்குப் பாயற மாதிரி. பத்தாவது படிச்சவன் கட்டளை அடிக்கிறானான்னு நினைக்காதீங்க. எழுத்து இங்கிலீசாத்தான் இருக்கும், ஆனா மொத்தமாத் தெரிஞ்சிருக்க வேண்டியது ஏழெட்டு வார்த்தைதான். உரக்கடை பில்லைப் படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு இதுவும் வரும்.

இப்பத்தான் முக்கியமான கேள்வி. எத்தனை எண் போடறது? 64ஆ, 128ஆ, 24ஆ?

திருப்பூர்ப் பக்கத்துக்காரங்களுக்கு ஒரு வார்த்தையில சொல்லிரலாம். பிட் ரேட்டுங்கிறது துணியோட ஜிஎஸ்எம் மாதிரி. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடைங்கிற கணக்கு. 180 ஜிஎஸ்எம் பனியனையும் 130 ஜிஎஸ்எம் பனியனையும் மடிச்சுக் கவர்ல போட்டுக் குடுத்தா வித்தியாசம் தெரியாது. வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்.

ஆனா சத்தத்தைச் சுருக்கறதுல ரெண்டு ஜாதி இருக்கு, அதைப் புரிஞ்சுக்கணும். ஒண்ணு ஃபிளாக். 2001ல வந்தது. இது பேல் போடற மாதிரி. துணியை அமுக்கிக் கட்டி லாரியில ஏத்தறோம், இறக்குற இடத்துல பிரிச்சா அதே துணி, ஒரு நூல் குறையாது. என்னோட ஆறரை ஜிபி ஃபிளாக்குல நாலு ஜிபிக்குக் கிட்ட வந்துச்சு. கேசட்டோட இரைச்சல் இருக்கிறதால அதுக்குக் கீழ இறங்கலை. உள்ளுக்குள்ளயே மூலச் சத்தத்தோட கையெழுத்து மாதிரி ஒரு எண்ணையும் எழுதி வெச்சுக்கும். பத்து வருசம் கழிச்சு ஒரு கட்டளை அடிச்சா, கோப்பு கெட்டிருக்கா நல்லா இருக்கான்னு அதுவே சரிபார்த்துச் சொல்லும்.

ரெண்டாவது ஜாதி எம்பி3, ஆக் வோர்பிஸ், ஓபஸ் இதெல்லாம். இது கட்டிங் டேபிள். பேட்டர்னை வெச்சு வெட்டி, மீதியைத் தள்ளிரும். வெட்டினது வெட்டினதுதான், ஒட்ட வைக்க முடியாது.

எதை வெட்டுது? காது எதைக் கவனிக்காதோ அதை. ராத்திரி எங்க ஊர்ல விசைத்தறி ஓடிட்டிருக்கும்போது சில்வண்டு கத்தறது கேக்காது. கரண்டு போய் தறி நின்ன அடுத்த நொடி, இவ்வளவு சில்வண்டு எங்க இருந்துச்சுன்னு தோணும். அது அங்கதான் இருந்துச்சு. பெரிய சத்தம் சின்னச் சத்தத்தை மூடிருச்சு. காதுக்கு இருக்கிற இந்தக் குணத்தைப் பயன்படுத்தித்தான் எம்பி3 வேலை செய்யுது. மூடிக் கிடக்கிற சத்தத்தை எழுதாம உட்டா இடம் மிச்சம். ஜெர்மனியில எர்லாங்கன் ஊர்ல இருக்கிற ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்துல கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் அவரோட கூட்டாளிகளும் இதுக்காக வருசக்கணக்கா உழைச்சாங்க. சுசான் வேகாங்கிற அமெரிக்கப் பாடகி, பக்கவாத்தியம் எதுவும் இல்லாமத் தனிக் குரல்ல பாடின 'டாம்ஸ் டைனர்'ங்கிற பாட்டை மறுபடி மறுபடி போட்டுக் கேட்டுத்தான் அவங்க முறையைச் சரி பண்ணினாங்க. கோப்புக்கு எம்பி3ன்னு வால் பேரு வெச்சது 1995 ஜூலையில.

நான் அடிச்ச லேம் நிரல் 1998ல மைக் செங்னு ஒருத்தர் ஆரம்பிச்சது. அப்புறம் பல பேர் சும்மாவே, கூலி இல்லாம, வருசக்கணக்காச் செதுக்கினாங்க. எம்பி3க்கு அப்பக் காப்புரிமை இருந்துச்சு. அதுக்கான உரிமம் வழங்கறதை ஃபிரான்ஹோஃபர் 2017 ஏப்ரல்ல முடிச்சுக்கிட்டாங்க. இப்ப அது எல்லாருக்கும் பொது. 2012ல ஓபஸ் வந்துச்சு. இது பிறந்ததுல இருந்தே இலவசம். நீங்க வாட்ஸப்புல மைக் பட்டனை அழுத்திப் பேசி அனுப்பறீங்களே, அது ஓபஸ்தான். குரலுக்கு இதை அடிச்சுக்க ஆள் இல்லை. 24 கிலோபிட்டுல கூடப் பேச்சு சுத்தமாக் கேக்கும். கேசட்டோட ஒரு பக்கம், 45 நிமிசம், எட்டு எம்பியில அடங்கிரும். பதினாலு கேசட்டும் சேர்த்து 227 எம்பி. ஆறரை ஜிபி எங்கே, 227 எம்பி எங்கே!

அக்கா மகன் கேட்டுப் பார்த்துட்டுச் சொன்னான். "மாமா, குரல் நல்லாத்தானே கேக்குது? இதையே குரூப்புல போட்டுட்டு, பெருசையெல்லாம் அழிச்சிருங்க. லேப்டாப்புலயும் இடம் கிடைக்கும்."

"பொறு கண்ணு, ஞாயித்துக்கிழமை கேட்டுட்டுச் சொல்றேன்"னேன்.

ஞாயித்துக்கிழமைன்னா தறி ஓடாது. ராத்திரி பத்து மணிக்கு மேல கட்டலை வாசல்ல போட்டு, நல்ல ஹெட்போனா ஒண்ணு மாட்டிக்கிட்டு உக்காந்தேன். படுகளத்து ராத்திரியில இருந்து ரெண்டு நிமிசத் துண்டு ஒண்ணை வெட்டி, அதையே 16, 24, 32, 64, 128ன்னு எம்பி3லயும் ஓபஸ்லயும் செஞ்சு வெச்சிருந்தேன். இதுவும் ஒரே வரிக் கட்டளைதான்.

குரல் எல்லாத்துலயும் புரியுது. 24 ஓபஸ்ல பாட்டுக்காரர் மூச்சு வாங்கறது கூடத் தெரியுது. உடுக்கைதான் மாறுது. உடுக்கைச் சத்தம் எப்படி இருக்கணும்? டக்குன்னு பிறந்து, தோலை இழுத்து உட உட விம்மி அடங்கணும். எம்பி3ல அளவைக் குறைக்கக் குறைக்க அந்த 'டக்' மழுங்கிட்டே வருது. 32ல வர்றப்ப, அடி உழுகறதுக்கு முன்னாலயே ஒரு சலசலப்புக் கேக்குது. ஈரத்துணியை உதறற மாதிரி.

இதுக்கும் காரணம் இருக்கு. எம்பி3 சத்தத்தைச் சின்னச் சின்னக் கட்டாப் பிரிச்சு வேலை செய்யும். ஒரு கட்டு வினாடியில சுமாரா நாப்பதுல ஒரு பங்கு. கட்டுக்குள்ள ஏதாவது பிசகு வந்தா அது கட்டு முழுக்கப் பரவிரும். அடி கட்டோட நடுவுல உழுந்தா, அதோட சிதறல் அடிக்கு முன்னாலயும் தெரியும். நல்ல அளவு குடுத்தா நிரல் கட்டைச் சின்னதாக்கிச் சமாளிச்சுக்கும். கம்மியாக் குடுத்தா அதுக்கும் கை நீளாது. ஸ்பெயின் நாட்டுல கைக்குள்ள வெச்சுத் தட்டற காஸ்டனெட்ஸ்னு ஒரு கட்டை இருக்கு. உலகம் முழுக்க இந்தப் பிசகைச் சோதிக்க அந்தச் சத்தத்தைத்தான் போடுவாங்க. நம்ம உடுக்கை அதுக்குத் தங்கச்சின்னு வெச்சுக்கலாம்.

இதுவரைக்கும் கணக்கு வழக்கு. இனிமேல் சொல்றதுக்காகத்தான் இந்தப் பதிவே எழுத உக்காந்தேன்.

அந்த ரெண்டு நிமிசத்துல, தங்கச்சி அண்ணன்களோட உடம்பைத் தேடற இடத்துல, பெண்டுகள் பக்கத்துல இருந்து ஒரு அழுகை வரும். உடுக்கைக்குப் பின்னால, தூரத்துல. "சாமீ... எஞ்சாமீ"ன்னு ஒரு கெழவி குரல். மூல வேவ் கோப்புல ஹெட்போன் வெச்சாத் தெளிவாக் கேக்கும். அம்மாவைக் கூப்பிட்டுக் காதுல மாட்டி உட்டேன். ரெண்டாவது தடவை வந்தப்ப அம்மா ஹெட்போனைக் கழட்டிட்டு என்னைப் பார்த்துச்சு. "உங்க ஆத்தாடா"ன்னுச்சு.

எங்க ஐயனோட அம்மா. 1991ல போயிட்டாங்க. ஆத்தாவோட போட்டோ ஊட்டுல ஒண்ணுதான் இருக்கு. குரல் எங்கயும் இல்லைன்னுதான் இத்தனை வருசம் நினைச்சிட்டிருந்தோம். எங்களையெல்லாம் வளர்த்தது ஆத்தாதான். காட்டுல இருந்து கூப்பிட்டா அடுத்த தோட்டத்துல கேக்கிற தொண்டை. அந்தத் தொண்டை இந்தப் பூமியில இப்ப மிச்சம் இருக்கிறது அந்த ரெண்டு நிமிசத்துல மட்டுந்தான். மொத்தமாச் சேர்த்தா பதினோரு வினாடி.

சுருக்கின கோப்புகள்ல அந்தக் குரலைத் தேடினேன். 128ல இருக்கு. 64ல இருக்கு, ஆனா மங்கல். 32 எம்பி3ல உடுக்கை உழுகற நேரமெல்லாம் குரல் காணாமப் போயி, நடுவுல நடுவுல துண்டா வருது. 16ல அது ஒரு இரைச்சல், மனுசக் குரல்னு சொல்ல முடியாது. நிரல் மேல தப்பில்லை. அதுக்குச் சொல்லிக் குடுத்த பாடம் அப்படி: பெரிய சத்தத்துக்குப் பின்னால இருக்கிற சின்னச் சத்தத்தை யாரும் கேக்க மாட்டாங்க, தள்ளிரு. உடுக்கைக்குப் பின்னால இருக்கிற அழுகை அந்தக் கணக்குல சில்வண்டு.

தள்ளினதுல என்ன இருக்குன்னு பார்க்கிறதுக்கும் ஒரு வழி இருக்கு. சாக்ஸ்னு இன்னொரு கட்டளை நிரல். சுருக்கினதைத் திருப்பி வேவ் ஆக்கி, ரெண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டாந்து, தொடக்கம் ஒரு இழை பிசகாம ஒட்ட வெச்சு, மூலத்துல இருந்து கழிக்கணும். அஞ்சில மூணு போனா ரெண்டுங்கிற மாதிரி, போனது மட்டும் மிஞ்சும். தொடக்கத்தை ஒட்ட வைக்கிறதுக்கு அக்கா மகன் உதவி வேண்டியிருந்துச்சு. ரயன் மக்வயர்னு ஒரு அமெரிக்க இசைக்கலைஞர் இதே மாதிரி அந்த 'டாம்ஸ் டைனர்' பாட்டுல இருந்து எம்பி3 தூக்கிப் போட்ட சத்தத்தை மட்டும் சேர்த்து ஒரு இசையே செஞ்சிருக்கார். அந்தத் திட்டத்துக்கு அவர் வெச்ச பேரோட அர்த்தம், எம்பி3க்குள்ள இருக்கிற ஆவி.

நாங்க 32ஐக் கழிச்சுப் போட்டுக் கேட்டோம். கொரகொரன்னு இரைச்சல், உடுக்கையோட சிதறல், தண்ணிக்குள்ள இருந்து கேக்கிற மாதிரிப் பாட்டு. அதுக்கு நடுவுல துண்டு துண்டா ஆத்தா. நாம வேண்டாம்னு தள்ளின குப்பைக்குள்ள இருந்து "எஞ்சாமீ"ங்குது. அக்கா மகன் ஹெட்போனைக் கழட்டி மெதுவாக் கீழ வெச்சான். அதுக்கப்புறம் அழிக்கச் சொல்லி அவன் பேசலை.

இன்னொண்ணும் சொல்லணும். படுகளத்து ராத்திரி பதிஞ்சது மொத்தம் ரெண்டு கேசட். பெட்டியில இருந்தது ஒண்ணுதான். இன்னொண்ணைச் சித்தப்பா மகன் 2006ல டவுன்ல ஒரு கடையில குடுத்து சிடி போட்டு வாங்கினான். கேசட் அந்தக் கடையிலயே நின்னு போச்சு, கடையும் இப்ப இல்லை. சிடி மட்டும் இருக்கு. 32 கிலோபிட் எம்பி3. சங்கர் போருக்குப் போற இடம் முழுக்க உடுக்கை ஈரத்துணியாட்டம் சளசளங்குது. இதை இப்ப 320ல மாத்தினா நல்லா வருமான்னு சித்தப்பா மகன் கேட்டான். வராதுங்க. கோப்பு பத்து மடங்கு வீங்கும், சத்தம் அதேதான். 130 ஜிஎஸ்எம் துணியை எத்தனை தடவை அயர்ன் பண்ணினாலும் 180 ஆகாது. அந்தக் கேசட்டுல பெண்டுகள் பக்கத்துல யார் குரல் இருந்துச்சோ, அது போனது போனதுதான்.

இதுக்கு நேர் எதிரா ஒரு கதையும் நம்ம பக்கத்துலயே நடந்திருக்கு. பிரெண்டா பெக்னு ஒரு மானிடவியல் ஆராய்ச்சியாளர், 1960கள்ல காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்துல வந்து தங்கினாங்க. 1965ல அங்க இதே அண்ணன்மார் கதையை முழுசாப் படிக்க வெச்சு, ரீல் டேப்புல பதிஞ்சாங்க. மொத்தம் 38 மணி நேரம். அதை வெச்சு 1982ல இங்கிலீசுல ஒரு ஆராய்ச்சி நூல் எழுதினாங்க, அப்புறம் தமிழ் மூலத்தோட பதிப்பும் வந்துச்சு, பின்னால கார்ட்டூன் படமாவும் செஞ்சாங்க. அவங்க சேகரிச்சதெல்லாம் இப்ப டொராண்டோ பல்கலைக்கழகத்தோட ஸ்கார்பரோ வளாக நூலகத்துல இருக்கு. 1965ல எம்பி3 ஏது, கம்ப்யூட்டர்ல பாட்டுக் கேக்கிறது ஏது! டேப்பைத் தூக்கிப் போடாம வெச்சிருந்ததால, பின்னால வந்த ஒவ்வொரு வித்தையும் அதுக்குப் பயன்பட்டுச்சு. எழுத்துல மட்டும் எடுத்துக்கிட்டு டேப்பை உட்டிருந்தா கதை இருந்திருக்கும், பாடினவங்க குரல் இருந்திருக்காது.

எங்க பாட்டுக்காரரோட மகன் இப்ப ஒரு பனியன் கம்பெனியில அயர்ன் மாஸ்டர். அப்பா வித்தையை அவர் எடுத்துக்கலை. வார சம்பளம் வர்ற வேலையை உட்டுட்டு உடுக்கை எடுக்கிறதுக்கு இன்னிக்கு யாருக்கு முடியும், குத்தம் சொல்ல முடியாது. கூப்பிட்டுச் சொன்னதும் வேலை முடிஞ்சு நேரா வந்தார். பாட்டைப் போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "குரலைக் கொஞ்சம் கம்மி பண்ண முடியுங்களாண்ணா?"ன்னார். எனக்குப் புரியலை.

"அப்பன் குரலு எனக்கு ஞாபகத்துலயே இருக்குதுங்ணா. கை எப்படிப் போகும்னுதான் மறந்து போச்சு. அந்த விரலு... இங்க பாருங்க, நாலு அடிச்சுட்டு அஞ்சாவதை உட்டுப் பிடிக்குது. அதைக் கேக்கோணுங்"ன்னார். சொல்லிக்கிட்டே தொடையில தட்டிப் பார்த்தார்.

ஒரே டேப்புதான். கோயில் குரூப்புக்குக் கதை வேணும். அம்மாவுக்கும் எனக்கும் பின்னால இருக்கிற அந்த அழுகை வேணும். அவருக்கு அஞ்சாவது அடி வேணும். நாளைக்கு இன்னொருத்தர் வந்து, அந்தக் காலத்துல எங்க ஊர் ராத்திரியில என்ன பறவை கத்துச்சுன்னு தேடலாம். ஏன்னா இன்னிக்கு அதே கோயில் வாசல்ல பதிஞ்சா தறிச் சத்தமும் லாரிச் சத்தமும்தான் உழுகும். நிரலுக்கு ஒரே ஒரு காதுதான் தெரியும், சராசரிக் காது. ஊர்ல அப்படி ஒரு காது யாருக்கும் இல்லை. திருப்பூர்ல கட்டிங் டேபிள் அடியில உழுகற துணிக்குப் பேரு பனியன் வேஸ்ட். ஆனா அதை எடை போட்டு வாங்கிட்டுப் போயி மறுபடி நூலாத் திரிக்கிறவங்க இருக்காங்க, வண்டி துடைக்க வாங்குற மெக்கானிக் இருக்காங்க. ஒருத்தருக்கு வேஸ்ட், இன்னொருத்தருக்குச் சரக்கு.

சுருக்கறது தப்புன்னு நான் சொல்ல வரலைங்க. 24 ஓபஸ் இல்லைன்னா எங்க ஊர்ப் பசங்க இந்தக் கதையைக் கேட்டே இருக்க மாட்டாங்க. இப்ப ஷிப்ட்டுக்குப் போறப்ப பஸ்ஸுல கேக்கறாங்க. அது பெரிய விசயம். அனுப்பறதுக்கு ஒண்ணு, வெச்சுக்கறதுக்கு ஒண்ணுன்னு ரெண்டு வேணும். விதைக்கு எடுத்து வைக்கிறதும் உலைக்கு எடுக்கிறதும் ஒரே குவியல்தான், ஆனா ஒரே மூட்டையில கட்ட மாட்டோம்.

நான் செஞ்சு வெச்ச ஏற்பாடு இதுதான். உங்களுக்கும் உதவும்.

கேசட்டை ஓட்டறப்ப வேவ்லயே பதியுங்க, நேரா எம்பி3ல பதியாதீங்க. பதிஞ்சதை ஃபிளாக் ஆக்குங்க. ஃபிளாக்குனு அடிச்சு, ரெண்டு சின்னக் கோடு போட்டு 'பெஸ்ட்'னு எழுதிக் கோப்புப் பேரைக் குடுத்தாப் போதும். அந்த ஃபிளாக்கை ரெண்டு ஹார்டு டிஸ்குல வெச்சேன். ஒண்ணு எங்க ஊட்டுல, ஒண்ணு பொள்ளாச்சியில தங்கச்சி ஊட்டுல. ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கக் கூடாது. கோப்புப் பேருல வருசம், ஊர், கேசட் எண், பக்கம் எல்லாம் எழுதிட்டேன். வருசத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு ஊடு வெள்ளையடிக்கிறப்ப, சரிபார்க்கிற கட்டளையை ஓட்டிப் பார்க்கிறதுன்னு வெச்சிருக்கேன். குரூப்புக்கு 24ல ஓபஸ். உடுக்கை கேக்கணும்கிறவங்களுக்கு 128ல எம்பி3, அது எந்தப் பழைய போன்லயும் கார்லயும் பாடும். அயர்ன் மாஸ்டர் தம்பிக்கு மட்டும் ஃபிளாக்கையே பென் டிரைவுல போட்டுக் குடுத்தேன். கேசட்டுகளையும் தூக்கிப் போடலை, துணிப்பையில கட்டிப் பீரோவுல வெச்சாச்சு.

பட்டணத்துல இருக்கிறவங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப பரண் மேல பாருங்க. கல்யாணக் கேசட், தாத்தா பாடின பாட்டு, வெளிநாட்டுல இருந்த மாமாவுக்குப் பேசி அனுப்பின கேசட்னு ஏதாவது இருக்கும். சுருக்கறதுக்கு முன்னால, வயசானவங்க ஒருத்தரைப் பக்கத்துல உக்கார வெச்சு, ஹெட்போன் மாட்டி, முழுசா ஒரு தடவை கேக்கச் சொல்லுங்க. பின்னால கேக்கிற குரல் யாருதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். அவங்களும் எத்தனை நாளைக்கு இருப்பாங்கன்னு சொல்ல முடியாதில்லைங்களா?

அயர்ன் மாஸ்டர் தம்பி நேத்துப் போன் பண்ணினார். உடுக்கைக்குத் தோல் போடற ஆள் யாராவது இப்ப இருக்காங்களான்னு விசாரிச்சார். தெரிஞ்சவங்க இருந்தாச் சொல்லுங்க.